குதிரை விதைப்பானைச் சரிசெய்தது: விதைக்கும் உரத்துக்கும் நடுவே இரண்டு அங்குலம்

ஒற்றைச் சால் விதைப்பான் இது. முன்னால் ஒரு குதிரை இழுக்கும், பின்னால் ஒருவர் இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டு நடப்பார், வேறு ஆள் வேண்டாம். முன்பக்கம் உரப் பெட்டி, அதற்கு அடுத்து விதைப் பெட்டி, கடைசியில் சாலை மூடி அழுத்திக்கொண்டே உருளும் வார்ப்பிரும்புச் சக்கரம். அந்தச் சக்கரம் உருண்டால் சங்கிலி ஓடும், சங்கிலி ஓடினால் விதையும் உரமும் விழும், குதிரை நின்றால் எல்லாம் நின்றுவிடும். எவ்வளவு தூரம் நகர்ந்தோமோ அவ்வளவு விதை, அவ்வளவு உரம். குதிரை விரசாக நடந்தாலும் மெதுவாக நடந்தாலும் இடைவெளி மாறாது. இந்த மெஷின்மேல் எனக்கு இருக்கும் மரியாதை முழுக்க இந்த ஓர் ஏற்பாட்டிலிருந்து வந்ததுதான்.

கிடைத்தது பினாங்கு ஜோர்ஜ்டவுனில். வெளிநாட்டுப் பண்ணைகளில் கிடக்கும் பழைய சாமான்களைக் கன்டெய்னரில் இறக்கி, காப்பிக் கடைகளுக்கும் ஹோம்ஸ்டேக்களுக்கும் அலங்காரத்துக்கு விற்கிற வியாபாரி ஒருவரிடம் இருந்தது. அமெரிக்காவின் தெற்குப் பக்கத்திலிருந்து வந்த சரக்கு என்றார். யாரோ அதற்குக் கறுப்புச் சாயம் அடித்து, விதைப் பெட்டியில் பூச்செடி வைக்கக் கேட்டிருந்தார்களாம். பெட்டிக்குள் கையை விட்டு அடியில் இருந்த பல்சக்கரத்தைத் தடவிப் பார்த்தேன். பற்கள் எல்லாம் முழுசாக இருந்தன. அதற்கப்புறம் அதைப் பூத்தொட்டியாக விட்டுவிட்டு வர மனசு வரவில்லை. பேரம் பேசி வாங்கி, லோரியில் ஏற்றி, புக்கிட் மெர்த்தாஜாமில் இருக்கும் எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தேன். புல்வெட்டி, தண்ணீர் பம்பு, கை டிராக்டர் என்று பார்க்கிற பட்டறை, அதனால் கருவிகளுக்குக் குறைவில்லை. நிபோங் திபால் பக்கம் மாமாவுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது, சோளம் (மக்காச்சோளம்தான்) போடுவார். ஓட்டிப் பார்க்க இடமும் ஆயிற்று.

பெயர்த்தகடு போய்விட்டது, வார்ப்பில் பாக எண்கள் மட்டும் புடைத்து நிற்கின்றன. ஆனால் இந்த வகைக்கு ஒரு வரலாறு உண்டு. விதையை வரிசையாகச் சாலுக்குள் இறக்கும் மெஷினை இங்கிலாந்தில் ஜெத்ரோ டல் 1701 வாக்கில் செய்தார். மக்காச்சோளத்துக்கென்று குதிரை இழுக்கும் விதைப்பானுக்கு இல்லினாய் மாநிலம் கேல்ஸ்பர்க்கைச் சேர்ந்த ஜார்ஜ் பிரவுன் 1853இல் காப்புரிமை வாங்கினார். அது பெரிய சமவெளிக்கான சாமான். தெற்கே கதை வேறு. பருத்தியும் சோளமும் போட்டுப் போட்டு மண் ஓய்ந்துபோன இடங்கள், சிறிய பண்ணைகள், ஒரு குதிரையோ கோவேறு கழுதையோதான் இருக்கும், உரம் போடாமல் ஒன்றும் விளையாது. அதனால் ஒற்றைக் குதிரை விதைப்பானோடு உரப் பெட்டியும் சேர்ந்த மெஷின்கள் அந்தப் பக்கம் நிறைய ஓடின. வட கரோலினாவின் சார்லட் நகரத்துக் கோல் கம்பெனி ஒற்றைக் குதிரை விதைப்பான்களுக்கே பெயர் எடுத்தது.

நம் ஊரில் நிலக்கடலை விதைப்பது எப்படி என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஏர் முன்னால் போகும், பெண்கள் பின்னாலேயே நடந்து சாலில் ஒவ்வொரு பருப்பாகப் போட்டுக்கொண்டே போவார்கள். இடைவெளிக் கணக்கு அவர்கள் விரலிலேயே இருக்கும். அந்த விரல் வேலையை ஒரு வட்டத் தட்டிடம் ஒப்படைத்த மெஷின் இது.

கழற்றும் முன்னாலேயே ஒன்று கண்ணில் பட்டது, இந்த வேலை முழுக்க அதைச் சுற்றித்தான் நடந்தது. உரத்துக்குத் தனியாக ஒரு சின்னக் கொழு (மண்ணைக் கிழித்துச் சால் போடும் இரும்பு முனை), விதைக்குத் தனியாக ஒரு கொழு. உரக் கொழு விதைக் கொழுவுக்கு முன்னால், ஒரு பக்கமாகத் தள்ளி நிற்க வேண்டும். இதில் அதைப் பிடித்திருக்கும் பட்டை எங்கோ கல்லிலோ வேரிலோ மோதி வளைந்து, இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் வந்து நின்றன. இப்படியே ஓட்டினால் உரம் விழுந்த அதே கோட்டில், அதன் தலைமேலேயே விதை விழும்.

அதனால் என்ன ஆகும் என்று விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கையால் விதைக்கிறவர்களுக்கும் இது உதவும். உரம் மண் ஈரத்தில் கரைந்தால் அது உப்புத் தண்ணீர்தான். விதை ஈரத்தை உறிஞ்ச வேண்டிய நேரத்தில் சுற்றிலும் உப்பு ஏறி நின்றால் தண்ணீர் உள்ளே போகாது, தப்பி முளைத்தாலும் வேர் நுனி கருகும். யூரியா கலந்திருந்தால் அது உடைந்து அம்மோனியா வரும், அது முளைக்கு நேரடி விஷம். இந்த மெஷின் ஓடிய காலத்தில் அங்கே புழங்கிய கலவை உரங்கள் 2-8-2, 3-8-3 போன்றவை (எண்கள் வரிசையாக நைட்ரஜன், பாஸ்பேட், பொட்டாஷ் சதவீதம்), அதாவது நைட்ரஜன் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான். நாம் கடையில் தூக்கிக்கொண்டு வருவது 15-15-15. அதே அளவு கொட்டினால் நைட்ரஜனும் பொட்டாஷும் ஐந்து மடங்கோ அதற்கு மேலோ. அந்தக் காலத்தில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் தாங்கிய இடைவெளி இன்றைக்குத் தாங்காது. சோளத்துக்குப் பொதுவாகச் சொல்லும் இடம், விதையிலிருந்து பக்கவாட்டில் 2 அங்குலம், விதையைவிட 2 அங்குலம் ஆழம். முதல் வேர்கள் சாய்ந்து இறங்கும்போது உரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், விதையைத் தொடாது. சக்கரம் பளபளக்கலாம், சாயம் புதுசாக இருக்கலாம், அந்த இரண்டு அங்குலம் இல்லையென்றால் இது விதைப்பானே கிடையாது என்பது என் எண்ணம்.

சரி, கழற்றிய கதைக்கு வருகிறேன். எல்லாம் சதுர நட்டுகள், துரு ஏறி போல்ட்டோடு ஒரே இரும்பாகிவிட்டிருந்தன. கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து (ஆட்டோ கியர் வண்டிக்கு ஊற்றும் சிவப்பு எண்ணெய்தான் சரி) ஒவ்வொரு நட்டிலும் சொட்டு விட்டு இரவு முழுக்க ஊற விட்டோம். அப்படியும் வராதவற்றுக்கு நட்டை மட்டும் சூடுகாட்டினோம். வார்ப்பிரும்புக்குப் பக்கத்தில் இருந்தால் அதுவும் கிடையாது, நட்டை அறுத்து எறிந்துவிடுவதுதான். வார்ப்பிரும்பு ஒரு பக்கம் சூடாகி மறுபக்கம் குளிர்ந்து இருந்தால் விரிசல் விட்டுவிடும். நட்டு வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். அரை அங்குல போல்ட்டில் அமெரிக்கப் புரி அங்குலத்துக்கு 13, நம் பக்கத்துப் பழைய பட்டறைகளில் கிடக்கும் பிரிட்டிஷ் விட்வொர்த் புரி 12. முதல் இரண்டு சுற்று நன்றாக ஏறும், அப்புறம் இறுகி போல்ட்டையே கெடுத்துவிடும். புரி அளக்கும் சீப்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

துருவுக்குச் சலவைச் சோடாவும் பேட்டரி சார்ஜரும். நீல டிரம்மில் தண்ணீர், அதில் கொஞ்சம் சோடா, துருப்பிடித்த பாகம் நெகட்டிவில், பழைய கட்டுமானக் கம்பி பாசிட்டிவில். மெல்லிய நுரை வரும், துரு கறுப்புச் சேறாகக் கழன்றுவிடும். பாசிட்டிவ் பக்கம் எவர்சில்வர் மட்டும் கூடாது, அதிலிருக்கும் குரோமியம் கரைந்து தண்ணீர் நஞ்சாகும். துத்தநாகம் பூசியதும் வேண்டாம். வெளிவருவது ஹைட்ரஜன், அதனால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் கிரைண்டர் வெல்டிங் எதுவும் ஓடாத நேரத்தில் செய்யுங்கள்.

விதைப் பெட்டியின் அடி வார்ப்பில் ஒரு காது விரிசல் விட்டிருந்தது. எங்கள் வெல்டிங் அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதை உருக்கி ஒட்டினா பக்கத்துல இன்னொரு விரிசல் வரும், பித்தளை ஓட்டிடலாம்" என்றார். வார்ப்பிரும்பு உருக 1150 டிகிரி செல்சியசுக்கு மேல் வேண்டும், பித்தளைக் கம்பி 900 டிகிரி வாக்கிலேயே ஓடிவிடும், இரும்பு அவ்வளவு வாதைப்படாது. விரிசலை வி வடிவில் குடைந்து, பாகம் முழுவதையும் மெதுவாகச் சூடாக்கி, பித்தளையை ஓடவிட்டு, உலர்ந்த மணலுக்குள் புதைத்து ஆறவிட்டார். அந்த மஞ்சள் கோட்டுக்குச் சாயம் அடிக்க வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன், பழுது பார்த்த இடம் தெரியட்டும்.

சங்கிலி எனக்கு மிகவும் பிடித்த பாகம். சைக்கிள் சங்கிலி மாதிரி பின் அடித்தது இல்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பக்கம் கொக்கி, மறுபக்கம் கம்பி. இரண்டு கண்ணிகளைச் சாய்த்துப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளினால் கையாலேயே கழன்று வரும், வயலில் அறுந்தால் நின்ற இடத்திலேயே ஒரு கண்ணியை மாற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். வில்லியம் எவார்ட் 1874இல் காப்புரிமை வாங்கிய யோசனை. இன்றைக்கும் இந்தச் சங்கிலி புதிதாகக் கிடைக்கிறது. என்னுடையது 32ஆம் எண், கண்ணிக்குக் கண்ணி 1.154 அங்குலம். பட்டறையில் இருக்கும் ரோலர் சங்கிலி எதுவும் இந்தப் பல்லில் உட்காராது, பல்சக்கரத்தை மாற்றிவிட்டு ரோலர் சங்கிலி போடலாம் என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆர்டர் போட்டுப் புதுச் சங்கிலியே வாங்கினேன். மாட்டும்போது கொக்கி முன்னோக்கி ஓட வேண்டும், கொக்கியின் திறந்த வாய் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். மாற்றி மாட்டினால் கண்ணியும் பல்லும் சீக்கிரம் தேயும்.

இப்போது தட்டு. விதைப் பெட்டியின் அடியில் சுற்றும் வட்டத் தட்டு, விளிம்பில் வரிசையாகக் குழிகள். ஒவ்வொரு குழியும் பெட்டியில் குவிந்திருக்கும் விதைக்கு அடியில் போகும்போது ஒரு விதையை ஏந்திக்கொள்ளும். வெளியேறும் ஓட்டைக்குச் சற்று முன்னால் ஸ்பிரிங் வைத்த ஒரு சின்ன நாக்கு குழிமேல் ஒட்டிக்கொண்டு நிற்கும், மேலே தொற்றிக்கொண்டு வரும் இரண்டாவது விதையை அது வழித்துத் தள்ளிவிடும். ஓட்டைக்கு நேராக வந்ததும் இன்னொரு சின்னத் தட்டி விதையின் தலையில் ஒரு தட்டுத் தட்டும், விதை குழாயில் விழும். கேட்க எளிது. ஆனால் குழி விதையைவிடப் பெரிசாக இருந்தால் இரண்டு விதை ஏறும், சின்னதாக இருந்தால் ஒன்றும் ஏறாது, குழி ஆழம் குறைந்தால் நாக்கு விதையை நசுக்கும். கூடவே வந்த இரும்புத் தட்டு அங்கத்திய தீவனச் சோளத்துக்கானது, தடித்த பெரிய விதை. நாம் போடுவது இனிப்புச் சோளம், வற்றிச் சுருங்கிய மெல்லிய விதை. இரும்புத் தட்டில் போட்டுச் சுற்றினால் குழிக்கு இரண்டு என்று வந்து விழுந்தது.

அதனால் புதுத் தட்டு செய்தோம். கறி வெட்டும் வெள்ளைப் பலகை இருக்கிறதே, அதே பிளாஸ்டிக்தான். மாமா வாங்கி வைத்திருந்த விதையில் ஒரு கை அள்ளி, மேசையில் பரப்பி, வெர்னியரால் ஒவ்வொன்றாக அளந்தேன். நீளம் பெரும்பாலும் 9, 10 மில்லிமீட்டர், அகலம் 7, 8. குழியை 11க்கு 9 என்று வைத்து, விளிம்பை லேத்தில் 5 மில்லிமீட்டர் தடிமனுக்கு இறக்கினோம். குழியின் அடிப்பக்கத்தை மேற்பக்கத்தைவிட ஒரு மயிரிழை அகலமாக அரத்தால் சரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் விதை குழிக்குள்ளேயே சிக்கிக்கொண்டு சுற்றிவரும். விதையோடு கொஞ்சம் கிராஃபைட் தூள் பிசறிவிட்டால் இன்னும் நல்லது, மருந்து பூசிய விதையின் ஒட்டல் போய்விடும்.

எத்தனை குழி என்பதற்குக் கணக்கு போட்டோம். சக்கரத்தில் சாயப் புள்ளி வைத்து உழுத மண்ணில் 10 சுற்று உருட்டினால் 12.8 மீட்டர், ஆகச் சுற்றுக்கு 1.28. சக்கரத்தின் பல் 8, அது ஓட்டும் பல் 12, அதற்கப்புறம் சாய்பல் கியர் 11க்கு 33. பெருக்கிப் பார்த்தால் சக்கரம் நாலரைச் சுற்று சுற்றினால் தட்டு ஒரு சுற்று, அதற்குள் மெஷின் 5.76 மீட்டர் போயிருக்கும். 24 குழி வைத்தால் 24 சென்டிமீட்டருக்கு ஒரு விதை. வரிசைக்கு வரிசை 75 சென்டிமீட்டர் விட்டால் ஹெக்டருக்கு ஏறக்குறைய 55,500 செடி, நம் பக்கம் சோளத்துக்கு வைக்கும் அளவுதான். மண்வெட்டி பிடித்துப் பழகிய மாமா இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

உரப் பெட்டியைப் பற்றிச் சொல்ல நல்ல சேதி எதுவும் இல்லை. உரம்தான் இந்த மெஷின்களுக்கு எமன். அடித்தகடு கையால் கிள்ளினால் வருகிற அளவுக்கு அரித்துப்போயிருந்தது. இரும்பில் மறுபடி செய்தால் பினாங்குக் காற்றில் எத்தனை காலம் தாங்கும்? 30 டிகிரி வெயிலில் காற்றின் ஈரப்பதம் 73 சதவீதத்தைத் தாண்டினாலே யூரியா காற்றிலிருந்து தண்ணீரை இழுக்க ஆரம்பித்துவிடும், இங்கே காலையில் அதற்குக் கீழே இறங்குவதே அபூர்வம். அதனால் மேல்பெட்டியை நீல டிரம் பிளாஸ்டிக்கை வெட்டி, வெப்பக் காற்று காட்டி வளைத்துச் செய்தோம். அடியில் சுற்றும் தட்டையும், வழித்துவிடும் கதவையும் மட்டும் எவர்சில்வரில் வெட்டினோம். அசல் தோற்றம் போயிற்று என்று பழம்பொருள் பிரியர்கள் வருத்தப்படலாம். பழைய தகட்டுப் பெட்டியைத் தூக்கி எறியவில்லை, துரு நிறுத்தும் மருந்து பூசிப் பரணில் வைத்திருக்கிறேன். வேலை செய்கிற மெஷினுக்கு வேலை செய்கிற பெட்டி வேண்டும்.

அப்புறம் அந்த வளைந்த பட்டை. நேராக்கி அதே இடத்தில் மாட்டியிருக்கலாம், ஆனால் நம் களிமண்ணுக்கும் மணல் கலந்த மண்ணுக்கும் கொழு இறங்கும் ஆழம் வேறுபடும், கொஞ்சம் நகர்த்த இடம் வேண்டும். அதனால் புதுப் பட்டையில் வட்டத் துளைக்குப் பதில் நீண்ட துளைகள் போட்டோம், பக்கவாட்டுக்கு ஒன்று, ஆழத்துக்கு ஒன்று. கொழு முனைக்குப் பழைய லோரியின் பட்டை ஸ்பிரிங்கை வெட்டித் தீட்டினோம், நல்ல உருக்கு, சீக்கிரம் மழுங்காது. சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. இரண்டு கொழுவையும் தரையில் வைத்த சமமான பலகையின் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, ஸ்கொயர் வைத்துக் குறுக்கே 50 மில்லிமீட்டர், கீழே 50 மில்லிமீட்டர் அளந்து முடுக்கிவிடுவது. ஆனால் பட்டறைத் தரையில் அளந்த இடைவெளி மண்ணில் அப்படியே இருக்காது. முன்னால் போகிற உரக் கொழு கிழித்த மண், பின்னால் வரும் விதைக் கொழு தள்ளும்போது பக்கத்தில் சரியும். ஆகவே கடைசி அளவை வயலில்தான் எடுக்க வேண்டும்.

கைப்பிடி இரண்டையும் கறையான் தின்றிருந்தது. மெர்பாவ் மரத்தை மெல்லிய பட்டைகளாக அறுத்து, எபாக்சி தடவி, வளைவு அச்சில் வைத்து இறுக்கிக் காயவிட்டோம். அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாக வந்தது.

குதிரை விஷயம் பலர் கேட்டார்கள். பாலேக் பூலாவில் சவாரிக் குதிரை இருக்கிறதே, ஒன்றைக் கொண்டுவந்து கட்டிப் படம் எடுக்கலாமே என்று. கூடவே கூடாது. முதுகில் ஆளைச் சுமக்கப் பழகிய குதிரைக்குப் பின்னால் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு ஒரு இரும்பு தொடர்ந்து வந்தால் மிரண்டு ஓடும், கொழு அதன் கால்மேலேயே ஏறும். இழுக்கிற குதிரைக்குக் கழுத்துப் பட்டை வேண்டும், இழுகயிறு வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் மாதக்கணக்கான பழக்கம் வேண்டும். ஆனாலும் குதிரைக்கு இது எவ்வளவு பாரம் என்று தெரிந்துகொள்ள ஆசை. டுரியான் கூடையைத் தொங்கவிட்டு நிறுக்கும் தராசு ஒன்றை இழுகயிற்றுக்கு நடுவில் மாட்டினேன். புழுதி மண்ணில் 35 கிலோ பக்கம் காட்டியது, ஈரக் களியில் 50ஐத் தொட்டது. ஒரு குதிரை தன் எடையில் பத்தில் ஒரு பங்கு விசையோடு நாள் முழுக்க இழுக்கும் என்பது பழைய கணக்கு. 500 கிலோ குதிரைக்கு 50 கிலோ. மெஷினைச் செய்தவர்கள் குதிரையையும் அளந்துதான் செய்திருக்கிறார்கள்.

நாங்கள் கட்டியது கை டிராக்டரை, முதல் கியரில். குதிரை நடையைவிட மெதுவு, அது விதைத் தட்டுக்கு நல்லதுதான், குழி நிரம்ப நேரம் கிடைக்கும். ஒரு மாற்றம் மட்டும் செய்ய வேண்டியிருந்தது. குதிரை இழுக்கும்போது கயிறு அதன் தோளை நோக்கி மேலே ஏறும், டிராக்டர் கொக்கி தாழ்வாக இருக்கிறது. பழைய துளையிலேயே மாட்டினால் மூக்கு கீழே இழுபட்டுக் கொழு ஆழமாகக் குத்தும். முன்னால் இருக்கும் மேல்கீழ்த் துளைகளில் ஒன்றிரண்டு கீழே இறக்கி மாட்டியதும் சமமாக ஓடியது.

உர அளவு பார்த்தது இப்படி. ஹெக்டருக்கு 200 கிலோ போட வேண்டுமென்றால் சதுர மீட்டருக்கு 20 கிராம். 20 மீட்டர் ஓடினால் 75 சென்டிமீட்டர் வரிசையில் 15 சதுர மீட்டர், ஆக 300 கிராம். உரக் குழாயின் வாயில் பிளாஸ்டிக் பையைக் கட்டி 20 மீட்டர் ஓட்டி, பையை நிறுத்து, கதவைத் திறந்து மூடிச் சரிசெய்வது. உரம் மாறினால், ஏன், அதே உரம் ஈரம் ஏறிப் பிசுபிசுத்தால்கூட மறுபடி நிறுக்க வேண்டும்.

மாமா நிலத்தில் ஓட்டியதில் தெரிந்தது பல. கொழுவை மண்ணில் இறக்கும்போது மெஷின் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். நிற்கும்போது இறக்கினால் குழாய் வாயில் களி அப்பிக்கொள்ளும், விதை மேலேயே அடைபடும், நமக்குத் தெரியவே தெரியாது. கொழு மண்ணில் இருக்கும்போது பின்னால் தள்ளவே கூடாது. மழை பெய்த மறுநாள் ஓட்டினால் சக்கரம் உருளாமல் வழுக்கும், விதை இடைவெளி 28, 30 என்று விரிந்துவிடும். சக்கரத்தில் மண் ஒட்டித் தடித்தாலும் அதே கதிதான், சுற்றளவு கூடிவிடுகிறதே. சக்கரத்துக்கு ஒரு வழிப்பான் வைத்தோம், மண்ணைப் பிடித்துப் பிசைந்தால் உதிர்கிற நாளில் மட்டும் ஓட்டுவது என்று முடிவு செய்தோம். சக்கரத்தின் நடுப்பகுதி குழிவாக இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. விதைக்கு இரு பக்கமும் மண் அழுந்தும், நேர் மேலே தளர்வாக இருக்கும், மழைக்குப் பின் மேல்மண் ஓடு கட்டினாலும் முளை முட்டிக்கொண்டு வரும்.

வரிசையில் அங்கங்கே குறுக்கே மண்வெட்டியால் செங்குத்தாக வெட்டி, ஒரு பக்கத்து மண்ணை எடுத்துவிட்டு, சின்னக் கத்தியால் மெதுவாகச் சுரண்டிப் பார்த்தோம். வெட்டிய முகத்தில் நாலு சென்டிமீட்டர் ஆழத்தில் சிவப்பு மருந்து பூசிய விதை, அதற்கு வலப்பக்கம் கீழே கறுத்த ஈர மண்ணில் உரக் குருணைகள், நடுவில் உரம் படாத மண். முதலில் வெட்டிய இடத்தில் அந்த நடுமண் 35 மில்லிமீட்டர்தான் இருந்தது, மண் சரிந்திருக்கிறது. பட்டையின் நீண்ட துளையில் உரக் கொழுவை இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளி மறுபடி ஓட்டி மறுபடி வெட்டினோம், 50 வந்தது. மாமா குந்தி உட்கார்ந்து அளவுகோலைத் தானே வைத்துப் பார்த்தார். "இதுக்குத்தானாடா மாப்ள இவ்வளவு பாடு" என்றார். ஆமாம் மாமா, இதுக்குத்தான் என்றேன்.

பக்கத்திலேயே ஒரு வரிசையில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, உரக் கொழுவை மெஷின் வந்தபோது இருந்த மாதிரி நேர்க்கோட்டில் வைத்து ஓட்டச் சொன்னார் மாமா. அந்த வரிசையில் பாதிக்கு மேல் முளைக்கவில்லை, வந்தவையும் இலை நுனி கருகிக் குட்டையாக நின்றன. இரண்டு அங்குலம் விட்ட வரிசைகள் ஒரே உயரத்தில் எழுந்தன, அங்கங்கே புறா கொத்திய இடம் போக.

வேலை முடிந்த அன்றே உரப் பெட்டியைக் காலி செய்து, தண்ணீர் அடித்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, அடித்தட்டிலும் கதவிலும் எண்ணெய் தடவிவிட வேண்டும். ஓர் இரவு உரத்தோடு விட்டால் மறுநாள் தட்டு சுற்றாது. சங்கிலிக்கு வயலில் எண்ணெய் போடாதீர்கள், புழுதி ஒட்டி அரைத்துவிடும், கழற்றி வைக்கும்போது போட்டால் போதும்.

அடுத்து மாமாவுக்கு நிலக்கடலைத் தட்டு வேண்டுமாம். நிலக்கடலைப் பருப்பு சோளத்தைவிடத் தடிமன், தோலும் மெல்லிசு, அந்த ஸ்பிரிங் நாக்கு வழித்தால் தோல் உரிந்து முளைப்பு கெடும். நாக்கின் இரும்பு முனைக்குப் பதிலாகப் பிரஷ் முடி வைத்துப் பார்க்கப் போகிறேன், குழியின் ஆழத்தை 10 மில்லிமீட்டரிலிருந்து ஆரம்பிக்கிறேன்.